வெடிப்பா, மடிப்பா?

ஜூன் 3, உடுமலை

குறும்படம் ஒன்றுக்கு ஆற்றில் வாழும் கற்பனை விலங்கு. உடம்பை ஸீபிரஷ் என்ற முப்பரிமாணச் சிற்ப மென்பொருளில் செதுக்கியாயிற்று, இனி தோல். கடையில் விற்கும் செதில் ஆல்ஃபாவை, அதாவது முத்திரை மாதிரி பதிக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை, வாங்கி உடம்பெல்லாம் ஒத்தி எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். எனக்கு மனசு ஒப்பவில்லை. சின்னாறு செக்போஸ்ட் போகும் வழியில் திரும்பினால் அமராவதி அணை, அங்கே 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. நிஜத் தோல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கடைச் செதில் எதற்கு?

ஜூன் 4

காலை வெயிலில் எல்லாம் வாயைப் பிளந்து கிடந்தன. சதுப்புநில முதலைகள். பிடரியில் நாலு பெரிய செதில் சதுரமாக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னது. வயிற்றில் குறுக்கு வரிசையாகச் செவ்வகங்கள். முகத்தில் மட்டும் இந்த ஒழுங்கு எதுவும் இல்லை. கோடுகள் கோணல்மாணலாக ஓடுகின்றன, சில பாதியிலேயே நின்றுவிடுகின்றன. இடது தாடையும் வலது தாடையும் ஒத்துப்போகவே இல்லை.

“ஏனுங்க தம்பி, எல்லாரும் பல்லை எடுப்பாங்க, நீங்க கன்னத்தையே எடுக்கறீங்க?” என்றார் காவலுக்கு நின்றவர்.

“தோல்தானுங்கண்ணா எனக்கு வேணும்.”

“அப்ப தண்ணியில இருந்து ஏறும்போது எடுங்க. ஈரத்துல கறுப்பு, காஞ்சா சாம்பல்.”

அருமையான யோசனை. மதியம் வரை நின்று இரண்டு நிலையையும் எடுத்தேன்.

ஜூன் 6

முகத்துக்கு மட்டும் ஏன் இந்த ஒழுங்கின்மை என்று படித்தேன். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிஷேல் மிலின்கோவிச்சின் குழு நைல் முதலைக் கருக்களை ஆராய்ந்திருக்கிறது. உடம்புச் செதில்கள் கருவிலேயே தனித்தனி அலகுகளாக உருவாகின்றன, முகத்தில் அப்படி இல்லை. தோல் இழுபட்டு வெடிப்பதால் வரும் கோடுகள் என்று 2013-ல் சொன்னார்கள். 2024-ல் அதே குழு நேச்சர் இதழில் அதைத் திருத்தியது: முகத்தில் மேல்தோல் அடித்திசுவைவிட வேகமாக வளர்கிறது, இடம் போதாமல் மடிகிறது. தோல் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை முட்டைக்குள் இருந்த கருவுக்கு ஊசியில் ஏற்றியபோது, தாடையில் மூளை மடிப்பு போன்ற நெளிவுகளே வந்துவிட்டன.

இது எனக்குப் பெரிய விஷயம். வெடிப்பு என்றால் விளிம்பு கூர்மையாக, நடுவே பிளந்த பள்ளமாக இருக்க வேண்டும். மடிப்பு என்றால் இரண்டு கரையும் உருண்டு, பள்ளம் இறுக்கிப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். பண்ணையில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரைகள் உருண்டுதான் இருக்கின்றன.

ஜூன் 9

கழுத்துக்கு முன்னால் உள்ள தலைப் பகுதிக்கு மட்டும் சிமெட்ரியை, ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் அப்படியே செய்யும் வசதியை, அணைத்துவிட்டேன். டாம் ஸ்டாண்டர்டு பிரஷ்ஷில் கோடு கீறி, இன்ஃபிளேட் பிரஷ்ஷால் இரண்டு கரையையும் லேசாக உப்ப வைத்தேன். அப்புறம் தொடுவுணர்வுப் புள்ளிகள். அலிகேட்டருக்கு அவை தாடையைச் சுற்றி மட்டுமே, நம்ம ஊர் முதலைக்கு உடம்புச் செதில்களிலும் உண்டு. ஒவ்வொன்றாகத்தான் வைத்தேன். தெளித்துவிட்டால் சிரங்கு மாதிரி ஆகிவிடும்.

ஜூன் 12

தோலின் மேடு பள்ளத்தைப் படமாகச் சேமிக்கும் டிஸ்பிளேஸ்மென்ட் மேப் 32 பிட்டில் எடுத்தாயிற்று. 8 பிட்டில் மொத்தமே 256 படிதான், இந்த உருண்ட கரையெல்லாம் படிக்கட்டாகிவிடும்.

லைட்டிங் பார்க்கும் பையன் போன் செய்தான். “அண்ணா, முதுகு மினுமினுன்னு பொம்மை மாதிரி தெரியுதுண்ணா.” மனிதத் தோலின் சப்சர்ஃபேஸ் அளவை, அதாவது ஒளி தோலுக்குள் புகுந்து பரவும் அளவை, அப்படியே போட்டிருக்கிறான். தோலுக்குள் சிவப்பு ஒளிதான் அதிக ஆழம் போகும், அதனால்தான் நம் காது வெயிலில் சிவக்கிறது. முதுகிலோ கெட்டிக் கெரட்டின், அடியில் எலும்புத் தகடு. அங்கே கிட்டத்தட்ட இல்லாமல் குறைத்து, தொண்டையிலும் வாய்க்குள்ளும் மட்டும் விடச் சொன்னேன். ஈரமான இடங்களைக் குறிக்கத் தனி மாஸ்க்: அங்கே நிறம் இருளும், ரஃப்னஸ் (சொரசொரப்பு) குறையும்.

ஜூன் 15

இயக்குநர் டெஸ்ட் ரெண்டர் பார்த்தார். முகச் செதில் தூரத்தில் தெரியவில்லை, பெரிதாக்கி வரிசைப்படுத்துங்கள் என்கிறார். முதுகில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்குகிறேன், அங்கே செதில் தனித்தனி அலகு, பெரிதானாலும் உயிருள்ளதாகத்தான் இருக்கும், முகத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கவாட்டு வெளிச்சம் ஒன்று சேர்த்தால் மடிப்புகள் தானே தெரியும். சரி, அதை வைத்துப் பாருங்கள் என்றார்.