கரிசலில் ஒரு தொகுப்பு வீடு

திருமங்கலத்துக்குத் தெற்கே கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி பக்கமெல்லாம் கரிசல் பூமி. கொத்தனாராக நான் இங்கே கட்டிய வீடுகளில் பெரும்பாலும் அரசுத் திட்ட வீடுகள்தான். பசுமை வீடு, பிரதமர் வீடு, இப்போது கலைஞர் கனவு இல்லம் என்று பேர் மாறும். ஊர் ஜனங்களுக்கு எல்லாமே தொகுப்பு வீடு.

கனவு இல்லத்துக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். 2030க்குள் 8 லட்சம் வீடு என்று 2024இல் அறிவித்தார்கள். ஒழுகும் கூரைக்கடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஐப்பசி மழையைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எனக்குத் திட்டத்தின் மேல் குறை இல்லை, பணம் வரும் வரிசையில்தான் குறை.

பேஸ்மட்டம், அதாவது தரைக்கு மேலே வீட்டின் அடிமட்டம் வந்தால் ஒரு பில், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்கு ஒன்று, தளம் போட்டால் ஒன்று, பூசி முடித்தால் கடைசி. ஓவர்சியர் வந்து போட்டோ எடுத்த பிறகுதான் கணக்கில் ஏறும். பேஸ்மட்டம் வரைக்கும் கைக்காசுதான்.

செம்மண், சரளை உள்ள ஊரில் இதை எப்படியோ சமாளித்துவிடலாம். கரிசல் அப்படியில்லை. மழைக்கு ஊதும், சித்திரை வெயிலுக்குக் கை நுழையும் அளவு வெடிக்கும். ஆழம் தோண்டாமல் மேலாகக் கல்லை வைத்துக் கட்டினால் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் கோணலாகக் கீறிவிடும். அடியில் கெட்டியான சுக்கான் பாறை தட்டும் வரை வானம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டணும். சில மனையில் உள்ளே இறங்கி நிற்கும் ஆளின் தலை வெளியே தெரியாது. அடியில் மணல், மேலே கான்கிரீட், கருங்கல், தரைமட்டத்தில் கம்பி கட்டி பெல்ட். உள்ளே இருக்கும் கரிசலை அள்ளிவிட்டுக் கிராவல் நிரப்பணும். இவ்வளவும் முடிந்தால்தான் முதல் பில். செம்மண் ஊர்க்காரருக்கும் இதே தொகைதான்.

போன வருசம் ஒரு அக்காவுக்குக் கட்டினேன். வீட்டுக்காரர் இல்லை, நூறு நாள் வேலைதான் வருமானம். குடிசையைப் பிரித்துவிட்டு வேப்பமரத்தடியில் தார்ப்பாய் கட்டி, ரெண்டு பொம்பளப் பிள்ளைகளோடு இருந்தார். வானத்துக்கே குழு லோன் வாங்கி, கம்மலையும் அடகு வைத்தாயிற்று.

“தம்பி, மேலாவே கட்டிருங்க. பேஸ்மட்டம் தெரிஞ்சா பில்லு வந்துரும்ல.”

“பில்லு வந்துரும்க்கா, செவுரு நிக்காது.”

கல் லோடை என் பேரில் கடன் சொல்லி இறக்கினேன். எல்லோருக்கும் அப்படிச் செய்ய எனக்கு வசதி இல்லை. மேலாகக் கட்டி வெடித்துப்போன வீடுகள் இந்தப் பக்கம் நிறைய நிற்கின்றன. “கவர்மென்ட் வீடு அப்படித்தான்” என்று பார்க்கிறவர்கள் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. வானம் தோண்டும் அன்று அந்தக் குடும்பத்தின் கையில் காசு இருந்திருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும்.

முதல் சமத்துவபுரம் 1998இல் திறந்தது இதே திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில்தான். அங்கே நூறு குடும்பத்துக்கும் கட்டி முடித்த வீட்டைக் கொடுத்தார்கள். இப்போது அரசு பணத்தைக் கொடுத்து நீங்களே கட்டுங்கள் என்கிறது. அதுவும் நல்லதுதான், அவரவர் வீட்டை அவரவர் பார்த்துப் பார்த்துக் கட்டலாம். ஆனால் வேலை உத்தரவோடு வானத்துக்கு முன்பணம் வரணும். கரிசல் ஊர்களுக்கு அஸ்திவாரத் தொகை தனியாகக் கூட்டிக் கொடுக்கணும். எந்த ஊரில் என்ன மண் என்று புதிதாக ஆராய வேண்டியதில்லை. வி.ஏ.ஓ.விடம் இருக்கும் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கலமே இருக்கிறது. மனையைச் சுற்றியுள்ள புஞ்சைகளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லப்போகிறேன். கரிசல் ஊர்க்காரர்கள் உங்கள் ஊரிலும் கேளுங்கள். தீர்மான நோட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.