147-ஐ 174 என்று அடித்ததால் வந்த வினை

2018 கோடையில், குடிநீர் வராததைக் கண்டித்து எங்கள் தெருவினர் காலிக் குடங்களோடு நடத்திய சாலை மறியலில் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்களைக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்திருந்து மாலையில் விடுவித்ததோடு விஷயம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன். ஆறு ஆண்டுகள் கழித்து, பாஸ்போர்ட்டுக்கான காவல் துறை விசாரணையின்போதுதான், இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 ஆகிய பிரிவுகளில் என் பெயரும் சேர்ந்த, குற்ற எண் 147 கொண்ட முதல் தகவல் அறிக்கை ஒன்று, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாமலே நிலுவையில் இருப்பது தெரியவந்தது.

இவற்றில் எதற்கும் ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை இல்லை என்பதால், ஓராண்டுக்குப் பிறகு நீதிமன்றம் இவ்வழக்கைக் கோப்பில் எடுக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் காலவரம்பு விதி தடையாக நிற்கிறது. 188-ஆம் பிரிவுக்கோ, உரிய அரசு அலுவலரே நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்திருக்க வேண்டும். புலன்விசாரணையில் கிடக்கும் வழக்கைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று வழக்கறிஞர் சொன்னார். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு, என் மேல் வழக்கு இல்லை என்ற காவல் துறையின் சான்றும் வேண்டியிருந்தது. சிறார்களுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தில் இருப்பதுபோல், பெரியவர்களின் குற்றப் பதிவை அழிக்கத் தனி வழி ஏதும் இங்கு இல்லாததால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-க்குப் பதிலாகப் புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்துள்ள 528-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரத்து மனு தாக்கல் செய்தோம். மனு எண்ணாகி, விசாரணைக்கு வந்து, வழக்கு இரத்தானதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சென்றபோது, பதிவேடுகளை எழுதும் ரைட்டர் அதைப் படித்துவிட்டு, பதிவேட்டைத் திருப்பி, விரலை ஒரு வரியில் வைத்துக் காட்டினார். "சார், உங்க கேஸ் 147. இதுல 174-னு இருக்கு. அது செயின் பறிப்பு கேஸ்." மனுவின் உள்ளே எல்லா இடத்திலும் எண் சரியாகவே இருந்தது, இறுதியில் கோரிக்கைப் பத்தியில் மட்டும் வழக்கறிஞர் அலுவலகத்துத் தட்டச்சர் இலக்கங்களை மாற்றி அடித்திருந்தார், உத்தரவிலும் அதுவே ஏறிவிட்டது. வாசிக்காமல் கையெழுத்திட்ட நான் யாரைக் குறை சொல்வது? ஆனாலும் அன்று வழக்கறிஞர் அலுவலகத்தில் "சின்னப் பிழைதானே" என்று சிரித்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருத்தத்துக்காக வழக்கை மீண்டும் 'ஃபார் பீயிங் மென்ஷன்ட்' என்ற தலைப்பில் பட்டியலிடச் செய்து, திருத்திய உத்தரவு கைக்கு வருவதற்குள் வேலைக்குச் சேர வேண்டிய தேதி கடந்துவிட்டது. நிறுவனம் ஒரு மாத அவகாசம் கொடுத்ததால் தப்பித்தேன்.

இந்த வழியில் செல்பவர்கள், கோரிக்கைப் பத்தியில் உள்ள குற்ற எண், ஆண்டு, காவல் நிலையத்தின் பெயர் மூன்றையும் முதல் தகவல் அறிக்கையோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிட்ட நகல்களை இரண்டு மூன்றாக வாங்கி, காவல் நிலையத்திலும் சம்பந்தப்பட்ட நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலும் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை பெறாமல் நகராதீர்கள். "கோர்ட்டிலிருந்து தானாக வரும்" என்பார்கள், எனக்கு வரவில்லை. கணினிப் பதிவிலும் வழக்கின் நிலையை மாற்றச் சொல்லுங்கள், ஏனெனில் சான்று கேட்கும்போது அவர்கள் பார்ப்பது அதைத்தான்.

இரண்டாம் முறை சென்றபோது அதே ரைட்டர் 147-க்கு எதிரே சிவப்பு மையில் 'இரத்து' என்று எழுதி, உத்தரவு எண்ணையும் குறித்து, பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "இப்ப நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாத்துக்கங்க சார்" என்றார். இரண்டு தடவை படித்தேன்.