எல்க் தலையை வீட்டிலேயே சுத்தம் செய்த கதை

போன அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் கொலராடோ மலையில் வேட்டைக்குப் போன எனக்கு முதல் எல்க், அதாவது இந்தப் பக்கத்துப் பெரிய மான், கிடைத்தது. கறியை வெட்டி ஃப்ரீசரில் ஏற்றியாயிற்று, மிச்சம் தலை. கழுத்தோடு பாடம் செய்து மாட்ட வீட்டில் இடமும் இல்லை, கையில் காசும் இல்லை, அதனால் யூரோப்பியன் மவுண்ட் போதும் என்று முடிவு செய்தேன். அதாவது வெறும் மண்டை ஓடும் கொம்பும் மட்டும். அதற்கே கடையில் கோடைக்காலம் வரை ஆகும் என்றார்கள். ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் ஆட்டுத்தலை வாட்டினவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நானே இறங்கினேன். ஒரு வாரக்கடைசியில் முடியும் என்று நினைத்தது இரண்டு மாதத்துக்கு இழுத்தது.

கத்தி வைப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்தப் பக்கத்து மான்களுக்கு க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்று, உடலை மெல்ல மெலியவைத்துக் கொல்லும் ஒரு நோய் உண்டு. 1967ல் அதை முதலில் கவனித்ததே இதே மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸில்தான். காரணம் பாக்டீரியாவோ வைரஸோ இல்லை, பிரையான் என்கிற கோணல் புரதம், கொதிக்க வைத்தாலும் போகாது. மூளை, கண், தண்டுவடம், நிணநீர்க் கணு இவற்றில்தான் அதிகம் சேரும். மாநில வனவிலங்குத் துறையில் தொண்டைக்குப் பின்னால் இருக்கும் கணுவை எடுத்துச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை தலை கராஜில், ஐஸ் போட்ட தொட்டியில், கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. மனைவி பத்து நாள் காரை வெளியிலேயே நிறுத்தினாள்.

நோய் இல்லை என்று பதில் வந்தது. அப்படியும் கையுறை, கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் தொடவில்லை. தோலை உரித்து, கீழ்த்தாடையைக் கழற்றி, நாக்கு, கண், கன்னத்துச் சதையை முடிந்தவரை கத்தியாலேயே எடுத்தேன். கத்தியால் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நேரம் அடுப்பில் மிச்சம். மூளைக்குப் பின்மண்டைத் துளை வழியாக வளைத்த கம்பியை விட்டுக் கலக்கி, தோட்டத்துக் குழாயை உள்ளே சொருகித் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தயிர் மாதிரி வெளியே வரும். அன்றைக்கு மதியம் நான் தயிர்சாதம் சாப்பிடவில்லை.

பிறகு வெளியில் கேஸ் அடுப்பு, இதற்கென்றே வாங்கின பெரிய பானை, ஒரு கைப்பிடி வாஷிங் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. மூக்கு கீழே, கொம்பு தண்ணீருக்கு மேலே. கொம்பின் அடியில் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த அழகான பழுப்பு நிறம் போய்விடும். தண்ணீர் கொதிக்கவே கூடாது, 80 டிகிரியை ஒட்டி நின்றால் போதும். நான் இருக்கும் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், நூறு ஆகவில்லையே என்று தெர்மாமீட்டரை நம்பி நிற்க முடியாது. ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள், முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து பார்த்தால் தளதளவென்று கொதிக்கிறது. மூக்கெலும்பு ஒன்று கழன்று பானை அடியில் கிடந்தது, கூடவே மூன்று கடைவாய்ப் பல். தண்ணீரைச் சல்லடையில் வடிகட்டியதால் எல்லாம் கிடைத்தது, அப்புறம் பசை போட்டு ஒட்டினேன். கொதித்தால் இன்னொரு கேடு, கொழுப்பு எலும்புக்குள் இறங்கிவிடும் என்கிறார்கள்.

அது உண்மை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சதையெல்லாம் போனதும் அவசரப்பட்டு வெளுக்கப் போனேன். அழகு நிலையங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் முடிக்கு அடிக்கும் 40 வால்யூம் பெராக்சைடு க்ரீம், அதாவது 12 சதவீதம். பிரஷ்ஷால் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு நாள் வைத்தேன், பால் வெள்ளை! எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன். இரண்டே வாரம், நெற்றியிலும் கண்குழிக்குப் பின்னாலும் எண்ணெய்க் கறை மாதிரி மஞ்சள் கசிந்து வந்தது. கழற்றி, மறுபடி தொட்டியில், சோப்புத் தண்ணீரில், மீன்தொட்டி ஹீட்டர் போட்டு. தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்றினேன், ஒரு மாதத்துக்கு மேல். மேலே மிதந்த எண்ணெயைப் பார்த்தால் மீன்குழம்பு தோற்றது.

குளோரின் ப்ளீச் ஊற்றினால் ஒரே நாளில் வெளுக்குமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம், எலும்பு நாளடைவில் சுண்ணாம்பு மாதிரி உதிரும். கத்தி, குறடு கழுவ மட்டும் அதைப் பயன்படுத்தினேன்: இரண்டு பங்கு ப்ளீச், மூன்று பங்கு தண்ணீர், ஐந்து நிமிடம்.

இப்போது கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறேன், வீட்டுக்குள் அனுமதி கிடைக்கவில்லை. இடது கண்குழிக்கு மேல் இன்னும் லேசாக ஒரு மஞ்சள், தெரிந்தவன் கண்ணுக்குத்தான் தெரியும். எல்க்கின் மேல்தாடையில் தந்தம் மாதிரி இரண்டு கோரைப்பல் இருக்கும், அவற்றை மட்டும் நான் திரும்ப ஒட்டவில்லை. மகள் எடுத்துக்கொண்டுபோய்த் தன் பாட்டி கொடுத்த குங்குமச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறாள்.