ஊசி நாளும் சந்திக்கும் நாளும்

எடை குறைக்க வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டே ஒருவரோடு பழகத் தொடங்கியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஓசெம்பிக், வீகோவி என்ற பெயர்களில் வருகிற செமக்ளூடைட், மவுஞ்சாரோ என்று வருகிற டிர்செபடைட், இந்த இரண்டைப் பற்றித்தான் பெரும்பாலும் பேச்சு. மருந்து வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வைத்தியர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா டவுனில் ஒருவரைச் சந்திக்கப் போகும்போது வயிறு என்ன செய்யும், என்ன சாப்பிடலாம், எதை எப்போது சொல்வது என்பவைதான் இங்கே விஷயம்.

இந்த மருந்துகள் பசியை அடக்குவதோடு, இரைப்பையிலிருந்து சாப்பாடு கீழே இறங்குவதையும் தாமதமாக்குகின்றன. மத்தியானம் சாப்பிட்ட சோறு பொழுது சாயும்போதும் வயிற்றில் கிடப்பதுபோல இருப்பது இதனால்தான். குமட்டல், நாற்றமடிக்கும் ஏப்பம், நெஞ்செரிவு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றோட்டம் எல்லாம் இதன் பின்னால் வருபவை. ஊசி போட்டு முதல் மூன்று நாட்களுக்குள் மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறுகிறது. பலருக்கு அந்த நாட்கள்தான் கஷ்டம். அளவைக் கூட்டிய வாரத்தில் அது இன்னும் கூடும். செமக்ளூடைட் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 4 வாரம் கழித்து 0.5 ஆகும். டிர்செபடைட் 2.5இல் தொடங்கி, 4 வாரம் கழித்து 5 ஆகும். அதற்கு மேலும் படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். அளவு ஏறிய வாரத்தில் முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சந்திக்கக் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிறுதான். அப்படியென்றால் ஊசியை ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகோ, திங்கட்கிழமையோ போடுங்கள். அடுத்த ஞாயிறு வரும்போது கஷ்டமான நாட்கள் தாண்டிப் போயிருக்கும், கொஞ்சம் பசியும் எடுக்கும். வெள்ளிக்கிழமை போட்டுப் பழகியவர்கள் நாளை மாற்றலாம், ஆனால் இடைவெளிக்குக் கணக்கு உண்டு. இரண்டு ஊசிக்கு நடுவில் செமக்ளூடைட் என்றால் குறைந்தது 48 மணி நேரம், டிர்செபடைட் என்றால் 72 மணி நேரம் இருக்க வேண்டும். கொழும்பில் வேலை செய்கிற ஆள் போயா லீவுக்கு மட்டும் ஊருக்கு வருகிறார் என்றால் அந்த வாரத்துக்கு இப்படி நகர்த்திக்கொள்ளலாம். சந்திப்புக்காக ஒரு ஊசியையே விட்டுவிடுவது நல்ல யோசனை அல்ல. சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கினால் குமட்டல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்படி விட்டுப்போனவர்கள் எந்த அளவில் தொடங்குவது என்று வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இனி பாதை. கினிகத்தேனை வளைவுகளும் ரம்பொடை வளைவுகளும் ஊசி போடாதவர்களுக்கே தலையைச் சுற்ற வைப்பவை. பஸ் என்றால் முன்பக்க சீட்டில் உட்காருங்கள். போனைப் பார்க்காமல் பாதையைப் பாருங்கள். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பாதி ரொட்டியும் கொஞ்சம் பருப்பும் போதும். வெறும் வயிற்றோடு போனாலும் குமட்டும், நிறையச் சாப்பிட்டுப் போனாலும் குமட்டும். ரயில் கிடைத்தால் ஹட்டனிலிருந்து நானுஓயா வரை ரயில்தான் நல்லது, கழிப்பறையும் இருக்கிறது. கைப்பையில் ஒரு ஷொப்பிங் பேக், டிஷ்யூ, தண்ணீர்ப் போத்தல், ஒரு ஜீவனி பக்கெட். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் ஜீவனியைப் பக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரே மடக்கில் குடித்தால் அதுவும் வெளியே வரும்.

முதல் சந்திப்பு சாப்பாடாக இருக்க வேண்டாம், பிளேன்டியாக இருக்கட்டும் என்பது எங்கள் கட்சி. விக்டோரியா பூங்கா, கிரகரி வாவிக்கரை, ஹக்கலைப் பூங்கா எல்லாம் நடந்துகொண்டே பேசக்கூடிய இடங்கள். மெதுவாக நடந்தால் வயிறும் இலேசாகும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று போனவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சுவெட்டரும் கட்டாயம். கொழுப்பு குறைந்த உடம்புக்கு முன்னைவிடக் குளிரும். போன வருசம் அதே வாவிக்கரையில் சும்மா நின்றவருக்கு இந்த வருசம் பல் கிடுகிடுக்கலாம். குளிரில் தாகம் தெரியாததால் தண்ணீர் குடிக்க மறந்து, அதனால் மலச்சிக்கல் கூடுவதும் மலைநாட்டில் சாதாரணமாக நடப்பதுதான்.

கடையில் உட்காரத்தான் வேண்டும் என்றால் கொத்தில் கவனம். ஒரு கொத்து சாதாரண நாளிலேயே ஒருவருக்கு அதிகம். எண்ணெயும் கூட, அதனால் வயிற்றில் அதிக நேரம் நிற்கும். ஒன்றை வாங்கி இரண்டு தட்டில் போடச் சொல்லுங்கள். பழகுகிற இருவர் ஒரு கொத்தைப் பங்கிட்டுச் சாப்பிடுவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்கப் போவதில்லை. சோறு என்றால் முதலில் மீன், முட்டை, பருப்பு, பிறகு மரக்கறி, கடைசியில்தான் சோறு. புரதத்தை விட்டுவிட்டு இளைத்தால் கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும். இடியப்பமும் சொதியும் கொஞ்சமாக எடுத்தால் பலருக்கு ஒத்துப்போகும். ரோல்ஸ், வடை போன்ற எண்ணெய்ப் பலகாரங்களைச் சந்திக்கிற நாளில் தொடாமல் இருப்பது நல்லது. வயிறு நிறைந்துவிட்டது என்று முதல் தடவை தோன்றும்போதே நிறுத்துங்கள். அதற்கு மேல் வைக்கிற நாலு வாய்தான் பெரும்பாலும் வாந்தியாகிறது. இஞ்சி பியர் வயிற்றுக்கு நல்லது என்று வாங்கிக் கொடுப்பார்கள். இஞ்சி இருக்கிறதோ இல்லையோ, சீனியும் காஸும் இருக்கிறது, ஏப்பம் நிச்சயம். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி கேளுங்கள்.

முட்டை, வெள்ளைப்பூண்டு, வெங்காயம், இறைச்சி சேர்ந்தால் அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வருவது இந்த ஊசிக்காரர்களுக்குத் தெரிந்த தொல்லை. முதல் நாள் ராத்திரியிலிருந்தே இவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைவாகச் சாப்பிடும்போது வாய் உலர்ந்து மூச்சும் நாறும். நாக்கை வழித்துத் துலக்குவதும் அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், நெருக்கமாக உட்காரப் போகிறவர்களுக்கு வாசனைத் தைலத்தைவிட உதவும்.

ஊசி அல்லாமல் ஓர்லிஸ்டாட் கெப்சூல் எடுப்பவர்களின் கதை வேறு. அது சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் வெளியே தள்ளுகிறது. கொத்தைச் சாப்பிட்டுக் கெப்சூலையும் போட்டால் அந்த எண்ணெய் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வரும். வெள்ளைக் கால்சட்டை போட்டிருக்கிற நாளில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். கொழுப்பே இல்லாத சாப்பாட்டுக்கு அந்த நேரத்துக் கெப்சூல் தேவையில்லை. செமக்ளூடைட்டையே ரைபெல்சஸ் என்ற பெயரில் மாத்திரையாக எடுப்பவர்கள் விடிய எழும்பி பஸ் பிடிக்கிற நாளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில், 120 மில்லிலீற்றருக்கு மேற்படாத தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரத்துக்குத் தேத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் மருந்து சரியாகச் சேராது.

வீட்டுக்குப் போவதுதான் இதில் பெரிய பரீட்சை. பெண் பார்க்கப் போனாலும் சரி, பழகுகிறவரின் அம்மா கூப்பிட்டுப் போனாலும் சரி, தட்டில் முறுக்கு, லட்டு, சீனி கூடப் போட்ட பால் தேத்தண்ணீர் எல்லாம் வரும். "சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்று சொன்னால் மனம் கோணும், அதற்காக எல்லாவற்றையும் விழுங்கினால் திரும்பி வருகிற வழியில் பஸ்ஸை நிறுத்த வேண்டி வரும். எல்லாவற்றிலும் ஒரு கடி எடுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குடியுங்கள், வெறும் கோப்பையைக் கண்டால்தான் திரும்ப ஊற்றுவார்கள். இரண்டாவது தடவை பரிமாற வரும்போது, "அத்தை, ருசியாத்தான் இருக்கு. வயித்துக்கு மருந்து எடுக்கிறேன், டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொன்னாரு. மிச்சத்தக் கட்டிக் குடுங்க, ராத்திரிக்குச் சாப்பிடுறேன்" என்று சொன்னால் போதும். கட்டிக் கேட்டால் சமைத்தவருக்குச் சந்தோசம். மருந்து எடுக்கிறேன் என்பதும் பொய்யல்ல.

அந்த ஆளிடம் எப்போது சொல்வது? முதல் நாளே சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் மருந்து உங்கள் சொந்த விஷயம். ஆனால் உடல் நெருக்கம் வருவதற்கு முன்பும், கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்பும் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இரண்டு வசனம் போதும்: "எடைக்கு வைத்தியர் எழுதின ஊசி போடுறேன். அதனால கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன், சில நாள் குமட்டும்." இதற்குக் கேலி செய்கிறவரைப் பற்றி உங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டிங் அப்பில் போட்ட படமும், தரகரிடம் கொடுத்த ஸ்டூடியோப் படமும் இப்போதைய முகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஐந்தாறு கிலோ இறங்கினால் படத்தை மாற்றுங்கள். வேகமாக இளைத்தவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் உண்டு. பெரும்பாலும் அது திரும்ப வளரும்.

உடல் நெருக்கத்துக்கு முன்பே சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். சாப்பாடு இறங்கத் தாமதமாவதால் மாத்திரையும் சரியாக உடம்பில் சேராது. அதனால் ஊசி தொடங்கி 4 வாரமும், ஒவ்வொரு தடவை அளவு கூட்டும்போது அதற்குப் பின் 4 வாரமும் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. 2.5இலிருந்து 15 வரை ஆறு படி. ஒவ்வொரு 4 வாரமும் ஏற்றினால் மொத்தம் 24 வாரம் இடைவெளியே இல்லாமல் ஆணுறையும் வேண்டும். டெப்போ ஊசி, லூப், கைக்குள் வைக்கிற குச்சி ஆகியவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவை வயிற்று வழியாகப் போவதில்லை. டெப்போவினால் சிலருக்கு எடை கூடும், அதையும் கேட்டு முடிவெடுங்கள். செமக்ளூடைட் ஊசி கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கருத்தடை மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது போடாத கணக்குத்தான். இன்னொன்று, எடை காரணமாகவோ பிசிஓஎஸ் என்கிற சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை காரணமாகவோ மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்கு எடை இறங்கும்போது முட்டை வெளியாவது திரும்பத் தொடங்கலாம். "எனக்குத்தான் பிள்ளை தங்காதே" என்ற பழைய எண்ணத்தில் இருக்க வேண்டாம். கூச்சமாக இருந்தால் குடும்பத் திட்டமிடல் கிளினிக்கில் ஊசியின் பெயரை எழுதிக் காட்டினாலே போதும்.

நீரிழிவுக்காக இன்சுலினோ கிளிக்லசைட் மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது தாழ் சீனி. சாப்பாடு குறைந்து, மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் சீனி இறங்கும். வேர்வை, கைநடுக்கம், படபடப்பு. முதல் தடவை ஒருவரைச் சந்திக்கும்போது வருகிற பதற்றமும் இப்படித்தான் இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம். நுவரெலியாக் குளிரில் வேர்த்தால் அது வெட்கம் அல்ல என்று முடிவு செய்து, மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் திரும்பவும் குடியுங்கள். பிஸ்கட் வேண்டாம், வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும். சாராயமும் பியரும் சீனியை இன்னும் இறக்கும். வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகு வரை இழுத்து, வாந்தியும் நிற்காவிட்டால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். அங்கேயே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள்தான் என்பதால் மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவைச் சந்திப்புக்குக் கொண்டு போகத் தேவையில்லை. திறக்காத பேனா பிரிஜ்ஜில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான், அதனால் ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். பாவிக்கத் தொடங்கிய ஓசெம்பிக் பேனாவை 30 பாகைக்குக் கீழே வெளியிலும் வைக்கலாம். எத்தனை நாளைக்கு என்பது உள்ளேயிருக்கும் தாளில் இருக்கும். மலைக்குளிர் நமக்குச் சாதகம், அடுப்படித் தட்டு சாதகமல்ல. போட்டவுடன் ஊசிமுனையைக் கழற்றித் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடுங்கள். முக்கியமாக, பழகுகிறவர் "எனக்கும் ஒண்ணு போட்டு விடு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். முனையை மாற்றினாலும் ஒரே பேனாவை இருவர் பாவித்தால் இரத்தத்தால் பரவும் நோய்கள் தொற்றலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த மருந்தே ஆகாது, அது அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். பேஸ்புக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று அன்பளிப்பாக வாங்கி வருகிறவரையும் தடுத்துவிடுங்கள். போலி ஓசெம்பிக் பேனாக்கள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டால் திகதிகளை எண்ண வேண்டும். கர்ப்பமாக நினைக்கிறவர் செமக்ளூடைட்டைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட்டுக்கு ஒரு மாதம் என்பது பிரித்தானிய அறிவுரை. தை பிறந்தவுடன் கல்யாணம், உடனே குழந்தை வேண்டும் என்றால் கடைசி செமக்ளூடைட் ஊசி ஐப்பசி முடிவதற்குள் போட்டதாக இருக்க வேண்டும். நிறுத்தினால் பசி திரும்பும். செமக்ளூடைட்டை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே நிச்சயதார்த்தத்தில் எடுத்த அளவுக்குக் கல்யாண ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்காதீர்கள். கடைசி இரண்டு வாரத்தில் திரும்ப அளவெடுத்து, உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மோதிரத்தையும் அப்போதே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.