ஒட்டிய பல்லும் ஊன்றிய பல்லும்

சென்ற ஐப்பசியில், செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ள எங்கள் பெரிய வீட்டில், முன்னோரை வணங்கும் படைப்புக்கு முந்தைய நாள் மாலை, மழை பெய்து ஓய்ந்திருந்த வளவு என்னும் உள்முற்ற வாசலின் கல் விளிம்பில் கால் வழுக்கி, கையிலிருந்த பித்தளைத் தவலையோடு குப்புற விழுந்தேன். தவலையின் விளிம்பு மேல்வாயில் இடித்தது. எழுந்து உட்கார்ந்தபோது வலியைவிட முதலில் தெரிந்தது, மூச்சை இழுக்கும்போது பல்லின் நடுவே ஊசி நுழைந்தாற்போல ஏறிய குளிர்தான். மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன.

உடைந்த துண்டைத் தேடவேண்டும் என்று சொன்னவள், செவிலியர் படிப்பு படிக்கும் என் கொழுந்தனார் மகள். பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பல் துண்டைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது அன்றுதான் தெரிந்தது. வெள்ளை இதழின் மேல் வெள்ளைத் துண்டு கிடந்தால் கண் எப்படிப் பிரித்தறியும்? "ஏத்தா, ரத்தம் கொட்டுது, பல்லைத் தேடுறதா, ஆளைப் பாக்குறதா?" என்று மாமியார் சத்தம் போட்டார். ஆயினும் பிள்ளைகள் நால்வர் தரையோடு தரையாகக் கிடந்து, இடப்பக்கப் பல்லின் முனைத்துண்டைக் கண்டெடுத்தனர். அதைத் தேய்த்துக் கழுவாமல், காயவும் விடாமல், ஆறிய பால் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரில் போட்டு மூடி வைத்தாள் அவள். வேரோடு முழுப்பல்லே கழன்று விழுந்திருந்தால், வேரைத் தொடாமல் பல்லின் தலைப்பகுதியை மட்டும் பிடித்தெடுத்து, முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பச் செருகியோ, இல்லையேல் பாலில் இட்டோ, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்ச் சேரவேண்டும் என்று வழியில் சொல்லிக்கொண்டே வந்தாள். என் பற்களோ உடைந்தனவே தவிர, இடம் பெயரவில்லை.

அன்றிரவே முதலில் போன மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே டார்ச் அடித்துப் பார்த்தார்களே தவிர, ஓர் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. இரண்டு பற்களையும் பிடுங்கிவிட்டு, இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்கி, அவற்றின்மேல் நான்கு பல் சேர்ந்த பிரிட்ஜ் என்னும் செயற்கைப் பல் தொகுதியைக் கட்டினால் பத்து நாளில் வேலை முடிந்துவிடும் என்றார்கள். தமிழாசிரியையாகிய நான் பொக்கை வாயோடு வகுப்பில் நிற்கவேண்டுமே என்ற அச்சத்தில் ஏறத்தாழ இசைந்தும்விட்டேன். பாலில் கிடந்த துண்டைக் காட்டியபோது, "இதெல்லாம் இனி எதுக்கு?" என்று அவர்கள் கேட்டதுதான் என்னைத் தயங்கவைத்தது. முன்பணம் கட்டாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, மாமியாரின் மன்னிப்போடு படைப்பைப் பாதியில் விட்டுவிட்டு, காரைக்குடியில் வேறொரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் எதையும் செய்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தார். பற்களை ஒவ்வொன்றாகத் தட்டியும் அசைத்தும் பார்த்தார். குளிரூட்டிய பஞ்சு உருண்டையைப் பல்லின்மேல் வைத்து, "கூசினா கையத் தூக்குங்க டீச்சர்" என்றார். இடப்பல்லில் வைத்ததும் கை தானாக எழுந்தது. உள்ளே நரம்பும் இரத்த ஓட்டமும் உள்ள பல்கூழ் உயிரோடு இருப்பதற்கு அது அடையாளம்; அந்தப் பல்லில் எனாமலும் அதன் கீழுள்ள டென்டின் என்னும் அடுக்கும்தான் உடைந்திருந்தன, பல்கூழ் வெளியே தெரியவில்லை. ஆனாலும் அடிபட்ட பல் சில மாதங்கள் கழித்துக்கூட உள்ளுக்குள் செத்துப்போகக்கூடும் என்பதால், நிறம் மாறுகிறதா, ஈறில் கொப்புளம் வருகிறதா என்று தொடர்ந்து பார்த்து வரவேண்டும் என்றார்.

டம்ளரைத் திறந்து துண்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். என் பல்லின் நிறமும் வழவழப்பும் அப்படியே உள்ள துண்டு கையில் இருக்கும்போது, அதைவிடப் பொருத்தமான பொருளை எங்கே போய் வாங்குவது என்று கேட்டார். வாயில் ரப்பர் விரிப்பு ஒன்றைக் கட்டி எச்சில் படாமல் தடுத்துவிட்டு, உடைந்த இரு முகங்களிலும் நீல நிற அமிலக் கூழை இருபது விநாடிபோல் வைத்துக் கழுவி, பசை தடவி, துண்டை இடுக்கியால் பொருத்திப் பிடித்து, நீல ஒளி பாய்ச்சி இறுகச் செய்தார். விளிம்பில் சிதறிப்போன சிறு இடைவெளியை மட்டும் காம்போசிட் என்னும் பிசின் கலவையால் நிரப்பினார். அதற்கான நிறத்தை வேலை தொடங்கும் முன்பே தேர்ந்துவைத்துக்கொண்டார். உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும் என்பதால், பிறகு பார்த்தால் கணக்குத் தவறிவிடுமாம். செலவு 2,500 ரூபாய். துண்டு கிடைக்காதிருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் காம்போசிட்டாலேயே அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்.

வலப்பல்லின் கதை வேறு. வெளியே பார்த்தால் அதில் பாதிப்பல் நின்றுகொண்டிருந்தது. இடப்பல்லைவிடச் சற்றே மோசம் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் உடைப்பு சாய்வாக உட்புறம் இறங்கி, ஈறுக்குக் கீழே எலும்பு வரை போயிருந்தது. வேர் சிகிச்சை செய்து, உள்ளே தண்டு வைத்து, மேலே கேப் போடலாமே என்று கேட்டேன். கேப் பற்றிக்கொள்ளச் சுற்றிலும் குறைந்தது 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு நல்ல பல் ஈறுக்கு மேலே இருக்கவேண்டும் என்றும், வேர் முழுதாக இருந்தால் கம்பி கட்டி அதை மெல்ல வெளியே இழுத்து அந்த உயரத்தைப் பெறலாம் என்றும், என் பல்லிலோ வேரே நெடுக்குவாட்டில் பிளந்திருப்பதாகத் தோன்றுகிறது என்றும் விளக்கினார். அவர் ஐயம் சரியா என்று பார்க்க மதுரைக்குப் போய் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வந்தேன். சரியாகத்தான் இருந்தது. மேல் முன்பற்களின் வெளிப்புற எலும்பு இயல்பாகவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. எனக்கு அதுவும் விரிசல் விட்டிருந்தது. பல்லை எடுத்த அன்றே, தாடை எலும்பில் ஊன்றும் செயற்கை வேராகிய இம்பிளான்ட் வைப்பதும் உண்டு, ஆனால் எனக்கு அது ஒத்துவராது என்றார்.

பல்லைப் பிடுங்கினார் என்று சொல்வதைவிட, எலும்பு மேலும் உடையாதபடி துண்டு துண்டாகக் கழற்றி எடுத்தார் என்பதே பொருந்தும். குழியில் எலும்புத்தூளை நிரப்பித் தையல் போட்டார். பல்லை எடுத்த இடத்தில் எலும்பு மெல்ல மெல்லச் சுருங்குமாதலால், பின்னால் இம்பிளான்ட் ஊன்ற நிலம் வேண்டுமானால் இப்போதே மண் போடவேண்டும் என்று, என் ஊர்க்காரர்போலவே பேசினார்.

அடுத்த நான்கு மாதங்கள் கழற்றி மாட்டும் ஒற்றைப்பல் செட்டோடு கழிந்தன. வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும் என்று இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். செட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று 'வளவு' என்று சொல்லிப் பார்த்தபோது வெறும் காற்றுதான் வந்தது. செட்டை மாட்டினாலும் அண்ணத்தை மறைக்கும் தகட்டால் தகரம் தடித்து ஒலித்தது. பிள்ளைகள் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

இந்த இடைவெளியில் வேறொரு வேலையும் நடந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 8.4 வந்திருந்தது. அது 7-ஐ நெருங்காமல் இம்பிளான்ட் வைக்கமாட்டேன், புண் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் அதைப் பொறுத்தது என்று மருத்துவர் உறுதியாக நின்றார். திருமணங்கள் நிறைந்த தை மாதத்தில், இலையில் வைத்த கவுனி அரிசியையும் கந்தரப்பத்தையும் தொடாமல் எழுந்து வந்த கொடுமையைச் செட்டிநாட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் அறிவார்கள். மாசியில் 7.1 வந்தது.

இம்பிளான்ட் வைத்த நாளைப் பற்றி நான் அஞ்சிய அளவுக்குச் சொல்ல எதுவும் இல்லை. மரத்துப்போகும் ஊசி, தாடை அதிர்வு, தண்ணீர்ச் சத்தம், முக்கால் மணி நேரம். இரண்டு நாள் வீக்கம். டைட்டானியம் எலும்போடு பிணைந்துகொள்ளும் என்பதை 1952-இல் சுவீடன் நாட்டு பிரோனெமார்க், முயலின் எலும்பில் வேறோர் ஆராய்ச்சிக்காக வைத்த கருவியைத் திரும்பக் கழற்ற முடியாமல் போனபோது கவனித்தார் என்றும், 1965-இல்தான் முதல் மனித வாயில் அதைப் பயன்படுத்தினார் என்றும் பிறகு படித்தேன். அந்தப் பிணைப்புக்கு எனக்கு மேலும் மூன்றரை மாதம் தேவைப்பட்டது. அதுவரை முறுக்கு, சீப்புச்சீடை எதையும் முன்பல்லால் கடிக்கக்கூடாது.

ஆனியில் முதலில் தற்காலிகப் பல் வைத்து ஈறை வளைவாகப் படியவைத்தார். பின்னர் வந்த, சிர்கோனியா என்னும் பீங்கான் வகையால் செய்த பல்லை ஒருமுறை திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று; சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுப்பாக இருந்தது. நடுப்பல் ஒன்றை மட்டும் பக்கத்துப் பல்லுக்கு ஒப்பச் செய்வதே இந்தத் தொழிலில் மிகக் கடினம் என்று மருத்துவர் சொல்லி, சன்னலோரம் நிறுத்திப் புகைப்படம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். இரண்டாவது முறை வந்தது சரியாக அமைந்தது. எலும்புத்தூள், இம்பிளான்ட், மேற்பல் எல்லாம் சேர்த்து 58,000 ரூபாய் ஆயிற்று; ஸ்கேனும் மதுரைப் பயணமும் தனி. பத்து நாள் பிரிட்ஜ் இதைவிட மலிவாக முடிந்திருக்கும் என்பதை மறுக்கமாட்டேன். செதுக்கப்படாமல் தப்பிய பக்கத்துப் பற்கள் இரண்டும் என் கணக்கில்தான் வருகின்றன.

சென்ற வாரம் காரைக்குடிக் கடையொன்றில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் குடித்தேன். ஒட்டவைத்த இடப்பல் கூசியது. ஊன்றிய வலப்பல்லில் ஒன்றுமே தெரியவில்லை. அதைத் தொலைபேசியில் சொன்னபோது, "நல்ல செய்தி டீச்சர், தைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோம்" என்றார் மருத்துவர்.