ஷட்டர் இல்லாத கடையைச் சாத்திய ஆறு மாதம்

17 ஜனவரி 2025, வெள்ளி

பொங்கல் பார்சல்களில் மிச்சமிருந்த நான்கும் நேற்று மாலை கூரியர் பையனோடு போய்விட்டன. மதுரைச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த எட்டு ஆண்டுகளில் கடை சாத்தியிருந்த நாள் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. மாமனார் இறந்த அன்றும், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே, சிவப்பில் வேறு கரை உண்டா என்று கேட்ட ஒருவருக்கு அடுக்களையில் நின்றபடி படம் அனுப்பினேன். அதைப் பெருமையாகவே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

இன்று எலும்பு மருத்துவரிடம் போனேன். வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது என்றார். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வருமாம். கைபேசியில் ஓயாமல் தட்டுகிறவர்களுக்கும் வருகிறதாம். பட்டை கட்டி விரலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும், ஊசியைப் பிறகு யோசிக்கலாம் என்றவரிடம் எத்தனை நாள் என்று கேட்டேன். வேலையை விட்டுக் கொஞ்ச காலம் இருக்க முடியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

திரும்பி வரும் ஆட்டோவிலேயே முடிவு செய்துவிட்டேன். பிப்ரவரி தொடங்கி ஜூலை முடிய, ஆறு மாதம். விரலுக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது என்று எனக்கே தெரியும். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இப்போது நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பிந்திப் பொழுது போகிறது. அங்கே இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சேலை பார்க்க உட்காரும் நேரம் எனக்கு நள்ளிரவு. விரல் ஆறினாலும் அந்தத் தூக்கம் அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது.

22 ஜனவரி, புதன்

தெருவில் இருக்கும் கடையென்றால் ஷட்டரை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடலாம். இந்தக் கடையைச் சாத்துவதற்கு ஆடிட்டரிடம் போக வேண்டியிருந்தது. ஜி.எஸ்.டி. பதிவையே ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டேன். ஒப்படைத்தால் மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற கடைசிக் கணக்கைக் கொடுக்க வேண்டும், கையிருப்புத் துணியை வாங்கியபோது கட்டிய வரிக்கு எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஆகஸ்டில் மறுபடியும் புதிதாகப் பதிய வேண்டும். ஆறு மாத ஓய்வுக்கு இது வீட்டை இடித்துவிட்டு ஊருக்குப் போவது போல இருக்கிறது என்று சிரித்தார். ஆகவே பதிவு இருக்கட்டும் என்றாயிற்று.

பதிவு இருந்தால் ஒரு ரூபாய்க்கு விற்காத காலாண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். விற்பனை இல்லாத கணக்கைத் தாமதித்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கும் என்னைப் போன்றவர்கள் தொடர்ந்து இரண்டு காலாண்டு கொடுக்காமல் விட்டால், பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு வழி இருக்கிறது. ஜனவரி விற்பனை இருப்பதால் ஏப்ரலில் வழக்கமான கணக்கு. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்குத்தான் வெற்றுக் கணக்கு, அதை 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடித்துவிடலாம் என்றார்.

கைபேசியைப் பரணில் போட்டுவிடலாம் என்ற கனவும் இன்றோடு கலைந்தது. 120 நாள் தொடாமல் கிடக்கும் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடுமாம். எட்டு ஆண்டு வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறார்கள். கைபேசியை 14 நாள்களுக்கு மேல் தொடாமல் விட்டால், அதோடு இணைத்திருக்கும் கணினியும் வெளியே தள்ளப்பட்டுவிடும். சிம் கார்டுக்கு ரீசார்ஜ் வேண்டும், மார்ச்சில் இணையதளப் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். சாத்திய கடைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போகிறவர்களைப் போல, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

26 ஜனவரி, ஞாயிறு

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை இன்று செய்தேன். திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் எனக்கு முடிச்சுப் போட்டுத் தரும் ஆறு அக்காமாரையும் பார்த்துவிட்டு வந்தேன்.

சுங்குடி தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தறியிலிருந்து வரும் வெள்ளைத் துணியை மடித்து, கட்டம் பிடித்து அடையாளமிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். சாயத்தில் முக்கி உலர்த்திய பிறகு முடிச்சைப் பிரித்தால், சாயம் ஏறாத இடம் வெள்ளை வட்டமாக நிற்கும். மதுரையின் சௌராஷ்டிரப் பெண்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. உலை கொதிக்கும் நேரத்திலும் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் மடியில் துணியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். என் அக்காமாருக்கு ஒரு சேலைக்குப் பதினைந்து நாள் ஆகிறது. ஆளுக்கு மாதம் இரண்டு.

நான் ஓய்வெடுத்தால் இவர்கள் மடி காலியாகிவிடும் என்பதை முடிவெடுத்த ஆட்டோவில் நான் நினைத்துப் பார்க்கவில்லை, மறுநாள் காலையில்தான் நினைத்தேன். என்னுடைய வரிசையில் இது இரண்டாவதாக வந்தது என்பதையும் உள்ளபடியே எழுதி வைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் வழி இருந்தது. முடிச்சுப் போட்ட துணியைச் சாயம் ஏற்றாமல் மடித்து எத்தனை மாதமும் வைத்திருக்கலாம். ஆறு பேர், மாதம் பன்னிரண்டு சேலை, ஆறு மாதத்துக்கு எழுபத்திரண்டு. அவ்வளவுக்கும் வேண்டிய துணியை இந்த மாதமே வாங்கிவிட்டேன், கூலியைத் தீபாவளி லாபத்திலிருந்து எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிட்டேன். எனக்கு விற்பனை நிற்கும், அவர்களுக்கு வேலை நிற்காது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். மூத்த அக்கா மட்டும் என் கையிலிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி போட எழுந்து போனார்.

31 ஜனவரி, வெள்ளி

வாங்கியவரிடம் சேராமல் திரும்பி வந்த இரண்டு பார்சல்களைப் பிரித்து மடித்தாயிற்று. சொல்லி வைத்து முன்பணம் கொடுத்திருந்த ஐந்து பேருக்குப் பணத்தைத் திருப்பியாயிற்று. மூன்று பேர் காத்திருக்கிறோம் என்றார்கள், அவர்களுக்கும் திருப்பிவிட்டேன், ஏனென்றால் ஒருவருடைய பணம் கையில் இருக்கும்வரை கடை சாத்தியதாகாது. தானியங்கிப் பதிலாக, ஆடிப்பெருக்கு அன்று திறப்போம் என்ற ஒரே வரியை எழுதினேன். உடல்நலக் குறைவு, தவிர்க்க முடியாத காரணம், வருந்துகிறோம் என்றெல்லாம் முதலில் எழுதியதை அடித்துவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் தெப்பமேறி வருவதைக் கரையில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். கயிற்றைப் பிடித்துத் தெப்பத்தை இழுக்கிறவர்களின் வேகத்துக்கு மேல் அது நகராது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் அரக்குச் சுங்குடி உடுத்தியிருந்தார். என் கை தானாகவே கைப்பைக்குள் கைபேசியைத் தேடியது. அது வீட்டில் அலமாரியில் இருந்தது.

9 மார்ச், ஞாயிறு

விரதத்தை முறித்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்த முறைப்படி நேற்றிரவு கைபேசியைத் திறந்தபோது, நான் எடுத்த படங்களையே போட்டு யாரோ ஒருவர் பாதி விலைக்குச் சேலை விற்பதாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வாங்கிய ஒருவர் சேலையைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். அது கையால் கட்டியது அல்ல, அச்சு.

அச்சுச் சுங்குடியைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. சின்னாளபட்டியில் மெழுகு அச்சு வைத்துச் செய்யும் சேலைகளுக்கு அவற்றுக்கே உரிய அழகும் உழைப்பும் உண்டு. நானே இரண்டு உடுத்துகிறேன். அச்சை அச்சு என்று சொல்லி விற்காமல், 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற முடிச்சுச் சேலை என்று விற்பதுதான் பொறுக்கவில்லை. கையால் கட்டியதில் இரண்டு புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்வதற்கு முன் துணி புள்ளிக்குப் புள்ளி மொட்டுவிட்டது போலச் சுருங்கி நிற்கும். பின்பக்கத்திலும் சாயம் அதே அழுத்தத்தில் இருக்கும். இதையெல்லாம் அந்த மூவருக்கும் விரிவாக எழுதி, படங்கள் தேடி அனுப்பி, அந்த விற்பனையாளர் மீது புகாரும் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது மணி இரண்டரை. காலையில் கட்டைவிரல் பழையபடி தெறித்தது. படங்கள் அங்கேயேதான் இருக்கின்றன.

6 ஏப்ரல், ஞாயிறு

மாதாமாதம் கூலி கொடுக்கப் போகும்போது ஐந்து நிமிடத்தில் துணியை எண்ணி வாங்கிக்கொண்டு ஓடிவருவது என் வழக்கம். இன்று ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பதால் மூத்த அக்காவின் வீட்டில் மதியம் முழுவதும் இருந்தேன். மடியில் இருந்த சேலையின் புள்ளிகளை வரிசை வரிசையாக எண்ணிப் பெருக்கிப் பார்த்தேன். ஐயாயிரத்துச் சொச்சம் வந்தது. நான் எட்டு ஆண்டுகளாக அதை "சிறு புள்ளி" என்ற இரண்டு சொற்களில் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

வலிக்காதா என்று கேட்டேன். கிள்ளுவதற்காக நீள வளர்த்திருக்கும் நகத்தையும், கட்டைவிரலின் அடியில் அழுத்தினால் எங்கே சுள்ளென்கிறது என்பதையும் காட்டினார். என் மருத்துவர் தொட்டுக் காட்டிய அதே இடம். அவர் பன்னிரண்டு வயதில் முடிச்சுப் போடத் தொடங்கியவர், இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "நீ லீவு போட்டுட்டே, நல்லது. எங்க லீவு எப்போம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை, சித்திரைத் திருவிழாவை மனத்தில் வைத்துத்தான் கேட்டார். கொடியேற்றத்திலிருந்து அழகர் திரும்ப மலையேறும்வரை வீட்டுக்கு உறவினர் வருவார்கள், தெருவெல்லாம் நீர்மோர்ப் பந்தல் இருக்கும். அந்த நாள்களிலும் இரவில் உட்கார்ந்து முடிச்சை முடித்துக் கொடுத்துவிடுவதுதான் இத்தனை ஆண்டு வழக்கம். ஜனவரியில் நான் போட்ட கணக்கு என் கண் முன்னால் வந்தது. ஆறு பேர், ஆறு மாதம், எழுபத்திரண்டு. நடுவில் ஒரு நாள்கூட விடாமல் பெருக்கியிருந்தேன். வேலை நிற்காது என்று நான் சொன்னபோது, அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

12 மே, திங்கள்

அழகர் இன்று காலை வைகையில் இறங்கினார். அக்காமார் ஆறு பேருக்கும் அரை மாதம் விடுமுறை, அந்த அரை மாதத்துக்கு ஒரு சேலைக் கூலி. இதை முடிவு செய்ய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒதுக்கிய பணத்தில் இது இல்லை. வருமானம் நின்றிருக்கும் நேரத்தில் என் ஊசிச் செலவும் சேர்ந்துகொண்டது. ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், போடாத முடிச்சுக்குக் கூலி வாங்க மனசு ஒப்பவில்லை, முன்பணமாக வைத்துக்கொள், ஜூனில் கழித்துக்கொள்ளலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, நோட்டில் விடுமுறை என்றே எழுதினேன். ஜூனில் வாக்குவாதம் வரும்.

13 ஜூலை, ஞாயிறு

கட்டைவிரல் எழுபது விழுக்காடு தேறிவிட்டது. காலாண்டுக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு கணக்குகளில் முதலாவதான விற்பனைக் கணக்குக்கு இன்றுதான் கடைசி நாள். குறுஞ்செய்தியில் "NIL" என்று தொடங்கி, அந்தக் கணக்கின் குறியீடான R1, ஜி.எஸ்.டி. எண், காலம் எல்லாவற்றையும் இடைவெளி விட்டுத் தட்டினேன். ஆறு இலக்க எண் வந்தது, அதைத் திருப்பி அனுப்பி உறுதிசெய்தேன். அடுத்த கணக்கு 22ஆம் தேதிக்குள். வருமானம் எதுவும் இல்லை என்று அரசாங்கத்திடம் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆனது. உறவினர்களிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க ஆறு மாதமும் போதவில்லை. கடை நொடித்துவிட்டது என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை வந்த முடிச்சுத் துணிகளைச் சாயக்காரரிடம் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் வர வேண்டியவற்றையும் சேர்த்து எண்ணியதில் அறுபத்து நான்கு வருகிறது. மேயில் ஆறு குறைவு. மகள் பிரசவத்துக்காக ஜூன் முழுவதும் ஊருக்குப் போன அக்காவின் இரண்டு குறைவு. முன்பணம் என்ற அக்காவோடு நான் எதிர்பார்த்த வாக்குவாதம் நடந்தது. அவர்தான் ஜெயித்தார், ஜூன் கூலியில் ஒரு சேலைக்கு உரியதைத் திருப்பி என் கையில் திணித்துவிட்டார். அது இன்னும் நோட்டுக்குள் இருக்கிறது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலை பத்து மணிக்குக் கடை திறந்தேன். இனி மாதத்தில் முதல் பத்து நாள் மட்டும் விற்பனை, பதில்கள் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. அறுபத்து நான்கில் இருபதை மட்டும் இன்று வைத்தேன். ஆறு மாதத்தில் பலர் வேறு கடைகளுக்குப் போய்விட்டார்கள், முன்பெல்லாம் திறந்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் எண்ணிக்கை அது. இன்று மாலைவரை பதினொன்றுதான் போயிருக்கிறது.

ஒவ்வொரு சேலையின் விலையிலும் அறுபது ரூபாய் கூட்டியிருக்கிறேன். மே மாதத்து ஆறு கூலியை அறுபத்து நான்கு சேலைகளுக்குப் பிரித்ததில் கிடைத்த தொகை. அடுத்த ஆண்டும் அது விலையில் இருக்கும்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு, நீண்ட நாள் வாடிக்கையாளர் ஒருவர் நியூஜெர்சியிலிருந்து எழுதியிருக்கிறார். ஜனவரியில் பார்த்த அதே நீலம், அதே சிறு புள்ளி, விலை மட்டும் அறுபது ரூபாய் கூடியிருக்கிறதே, நூல் விலை ஏறிவிட்டதா என்று கேட்கிறார். நூல் விலை இல்லை. என்ன எழுத வேண்டும் என்று தெரியும். நாளை காலை பத்து மணிக்கு எழுதுகிறேன்.