மைக்ரோஃபில்மே போதும்னாங்க, கடைசில ஒரிஜினல் ஏட்டையே பாத்துட்டேன்

இத்தாலில ஒரு பழைய லைப்ரரி, பேர் வேணாம். அங்க இருக்கற 12ஆம் நூற்றாண்டு சர்ச் பாட்டு ஏடு ஒண்ண நேர்ல பாக்கறதுக்குள்ள என்ன படுத்தின பாடு இன்னும் ஆறல. இடைக்கால இசைல தீசிஸ் பண்றவங்க யாராவது அங்கிட்டு போறதா இருந்தா இத ஒரு தடவ படிச்சுட்டு போங்க.

என் டாபிக், ஐரோப்பால பாட்ட எழுதி வைக்கற முறை எப்படி படிப்படியா மாறிச்சுங்கறது. முக்காவாசி வேல ரூம்ல உக்காந்தே முடிஞ்சுது. செயின்ட் காலன் மடத்தோட 10ஆம் நூற்றாண்டு ஏடு 359 ஈ-கோடிசஸ்ங்கற ஸ்விஸ் சுவடி சைட்ல இருக்கு, பாரிஸ் நோட்ர டாம் சர்ச் பாட்டெல்லாம் இருக்கற ஃப்ளோரன்ஸ் ஏடும் டிஜிட்டலா கிடைக்குது, 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மஷோவோட பாட்டு ஏடுங்க பிரான்ஸ் தேசிய லைப்ரரியோட காலிக்கா சைட்ல இருக்கு, எல்லாம் கலர்ல, ஃப்ரீயா. மாட்டிக்கிட்டது நடுவுல வர்ற அந்த கோடு போட்ட ஸ்டேஜ்லதான்.

நியூம்ங்கற பழைய பாட்டுக் குறியெல்லாம் வார்த்தைக்கு மேல இங்க ஏறு, அங்க இறங்குன்னு காட்டுமே தவிர எவ்ளோ ஏறணும்னு சொல்லாது, பாட்டு முன்னாடியே மனப்பாடமா இருக்கறவனுக்குத்தான் அது துணை. 1025 வாக்குல அரெட்ஸோல இருந்த கீதோங்கற துறவிதான் கோடு போட்டு, ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு ஸ்வரம்னு நிறுத்தினார். எஃப்ங்கற ஸ்வரத்தோட கோட்டுக்கு சிவப்பு, சிங்கற ஸ்வரத்தோட கோட்டுக்கு மஞ்சள். பத்து வருஷம் பயிற்சி எடுத்தும் அரகொறையா பாடினவங்க இருந்த இடத்துல, ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷத்துல ஆள தயார் பண்ணலாம்னு அவரே கடிதத்துல எழுதியிருக்கார். கேக்காத பாட்ட பாத்தே பாட முடியும்ங்கறது அங்கதான் ஆரம்பம், அந்த மாதிரி கோடு போட்ட ஏட்ட நேர்ல பாக்காம நான் எப்படி ஒரு சாப்டர் எழுதறது?

போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் பாஸ்போர்ட்ட வாங்கிப் பாத்தார், ப்ரொஃபசர் அனுப்பின மெயில் பிரின்ட்அவுட்ட தொடக்கூட இல்ல. லெட்டர்ஹெட்ல, மையால கையெழுத்து போட்ட ஒரிஜினல் வேணுமாம். அவங்க சைட்ல ‘அறிமுகக் கடிதம்’னு மட்டும்தான் போட்டிருக்கு. ட்ரெய்ன் காசு தண்டம். கடிதம் தபால்ல வந்து சேரறதுக்குள்ள ஆகஸ்ட் நடுவுல வந்துடுச்சு, அங்க அப்ப ஊரே லீவு, லைப்ரரியும் பூட்டு. ஆகஸ்ட்ல யாரும் எந்த ப்ளானும் போடாதீங்க, தயவுசெஞ்சு.

மறுபடி போனா ரீடர் கார்டு சட்டுனு கைக்கு வந்துடுச்சு. ஆனா ஏட்ட கேட்டதும், “அதுக்குத்தான் மைக்ரோஃபில்ம் இருக்கே, அதப் பாத்துக்குங்க, ஒரிஜினல வெளிய எடுக்க மாட்டோம்”னுட்டார். பக்கங்கள சின்னதா போட்டோ எடுத்து வச்ச அந்த ஃபில்ம் கருப்பு வெள்ளைங்க! சிவப்புக் கோடு ஏதோ சாம்பல் கலர்ல மங்கலா தெரியுது, மஞ்சள் கோடு சுத்தமா காணோம். கோட்டோட ஓரத்துல எஃப், சின்னு எழுத்து போட்டிருப்பாங்க, சில பக்கத்துல அந்த எழுத்து பைண்டிங் நிழல்ல முழுங்கிப் போச்சு, அப்ப எது சி கோடுன்னு கலர வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், அந்த கலரே இல்லன்னா நான் என்னத்த படிக்கறது.

வாக்குவாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்லன்னு தோணிச்சு. ஃபில்ம்ல அந்த பக்கங்கள பிரின்ட் எடுத்தேன், கோடு மறைஞ்ச இடத்தெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டேன், ஃபோலியோ (ஏட்டோட தாள்) நம்பரோட ஒரு பக்க கடிதம் எழுதி, கவுன்ட்டர்ல குடுக்காம நேரா சுவடிப் பிரிவு பொறுப்பாளருக்கு அனுப்பினேன். ‘ஆராய்ச்சிக்கு பாக்கணும்’னு எழுதினா நகரவே நகராது. ‘இந்த ஃபோலியோல இந்த விஷயம் ஃபில்ம்ல தெரியல, இதுக்காக ஒரிஜினல் வேணும்’னு எழுதுங்க. அந்த அம்மா ஓகே சொல்லி, நாளும் குறிச்சு பதில் போட்டாங்க. அந்த மெயில பாத்ததும் பஸ் ஸ்டாப்லயே துள்ளிக் குதிச்சேன்.

அன்னிக்கு ஏடு ஃபோம் தாங்கி மேல வந்து உக்காந்துச்சு. சிவப்பு இன்னும் பளிச்சுனு இருக்கு. மஞ்சள் வெளுத்து, பக்கம் செஞ்ச தோலோட கலரோட கலந்து, ஆனா இருக்கு. அந்த அம்மாவே ஒரு சின்ன விளக்க கொண்டு வந்து பக்கவாட்டுல சாச்சுப் பிடிச்சாங்க பாருங்க, ரெண்டு கலர் கோட்டுக்கும் நடுவுல மையே இல்லாம இன்னும் கோடுங்க! எழுத்தாணியால தோல்ல அழுத்தி இழுத்தது, நகத்தால கீறின மாதிரி. ஃபில்ம்ல அது வர வாய்ப்பே இல்ல. நியூம் எல்லாம் அந்தக் கீறல் மேல கச்சிதமா உக்காந்திருக்கு. ஒவ்வொரு வரி முடிவுலயும் அடுத்த வரி எந்த ஸ்வரத்துல தொடங்கும்னு ஒரு குட்டிக் குறி, பாடறவன் தடுமாறக் கூடாதுன்னு. எழுதினவருக்கு பாடறவங்க மேல எவ்ளோ அக்கறை பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஸ்வரம் எதுன்னு சொல்ற இந்த ஏடு, அத எவ்ளோ நேரம் பிடிக்கணும்னு சொல்லாது. அதுக்கு 1200 வாக்குல பாரிஸ் ஆளுங்க குறிகள சேத்து எழுதற விதத்துலயே தாளத்த காட்டினாங்க, 1280 வாக்குல கொலோன் ஊர் இசை அறிஞர் ஃப்ராங்கோ வந்து ஸ்வரத்தோட வடிவமே அதோட நீளத்த சொல்லணும்னு முறை வகுத்தார். அத வேற போஸ்ட்ல எழுதறேன்.

போறவங்களுக்கு: பேனா உள்ள விட மாட்டாங்க, பென்சில் மட்டும்தான். க்ளவுஸ் வாங்கிட்டு போகாதீங்க, எனக்கு கை கழுவித் துடைச்சுட்டு வெறும் கையாலதான் புரட்டச் சொன்னாங்க. லாக்கருக்கு ஒரு யூரோ காசு வச்சுக்குங்க, எனக்கு சில்லற மாத்த தெருமுனை கஃபே வரைக்கும் ஓட வேண்டியதாச்சு. ஏடு ரிப்பேருக்கோ கண்காட்சிக்கோ போயிருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டுடுங்க. தீசிஸ்ல படம் போடணும்னா அனுமதிக்கு வேற ஃபாரம், அத பாக்கப் போன அன்னிக்கே நிரப்பிக் குடுத்துடுங்க, என்னோடது இன்னும் வரல.